சாய்வும் வெட்டுத்துண்டும்: கேஸ் சிலிண்டரிலிருந்து தொடங்கி ஒரு வழிகாட்டி

வீட்டுச் சமையலுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கும். நாலு பேர் உள்ள ஒரு வீட்டில் நாளைக்கு 400 கிராம், அதாவது 0.4 கிலோ செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் கழித்து எவ்வளவு மிச்சம் இருக்கும்? 4 கிலோ போக 10.2 கிலோ. இருபது நாளில் 6.2 கிலோ. இதையே நோட்டில் எழுதினால்:

மிச்சம் = 14.2 − 0.4 × நாள்

ஒரு நேரிய சமன்பாட்டை, அதாவது படம் வரைந்தால் நேர்க்கோடாக வரும் சமன்பாட்டை, எழுதி முடித்துவிட்டீர்கள். சிலிண்டரை மாட்டிய நேரத்தில் இருந்த 14.2 தான் ஒய் வெட்டுத்துண்டு, அதாவது அந்தக் கோடு நிற்கும் அச்சை வெட்டும் இடம். நாளுக்கு 0.4 குறைகிறதே, அந்த −0.4 தான் சாய்வு. சிலிண்டர் எப்போது காலியாகும் என்று கேட்டால் அதற்கு விடை எக்ஸ் வெட்டுத்துண்டு, அதாவது கோடு படுத்திருக்கும் அச்சை வெட்டும் இடம்: 14.2 ஐ 0.4 ஆல் வகுத்தால் 35.5. முப்பத்தாறாவது நாள் பாதியில் அடுப்பு அணையும்.

மாலை நேரத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். இந்தப் பாடத்துக்கு வந்ததும் பலர் நாலைந்து சூத்திரங்களை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். சமன்பாட்டைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் எதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றுவிடுவார்கள். சூத்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது, எங்கே பூஜ்ஜியத்தைத் தொடுகிறது என்ற மூன்று கேள்விகளும் மனசில் இருந்தால், சூத்திரம் மறந்தாலும் விடைக்குப் போய்விடலாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். வகுப்பில் வாயால் சொல்வதுபோலவே இங்கே எக்ஸ், ஒய் என்று எழுதுகிறேன். நீங்கள் நோட்டில் வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகவே எழுதிக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் அச்சு எக்ஸ் அச்சு, நிற்கும் அச்சு ஒய் அச்சு. இலங்கைப் பாடநூலில் படிப்பவர்களுக்குச் சாய்வு என்பது படித்திறன். பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றுதான்.

முதலில் வெட்டுத்துண்டுகள்

சாய்வைவிட வெட்டுத்துண்டு சுலபம். அதனால் அதிலிருந்தே தொடங்குவோம். இந்தச் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்:

2 எக்ஸ் − 3 ஒய் = 12

இதன் கோடு எக்ஸ் அச்சை எங்கே வெட்டும்? எக்ஸ் அச்சைத் தரை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒய் என்பது தரையிலிருந்து உள்ள உயரம். தரையிலேயே நிற்கும் புள்ளிக்கு உயரம் என்ன இருக்க முடியும்? பூஜ்ஜியம்தான். ஆகவே எக்ஸ் வெட்டுத்துண்டு வேண்டுமானால் ஒய்க்குப் பூஜ்ஜியம் போட வேண்டும்:

2 எக்ஸ் − 3 × 0 = 12
2 எக்ஸ் = 12
எக்ஸ் = 6

கோடு எக்ஸ் அச்சை (6, 0) என்ற புள்ளியில் வெட்டுகிறது. எக்ஸ் வெட்டுத்துண்டு 6.

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவார்கள். எக்ஸ் வெட்டுத்துண்டு என்றதும் கை தானாகப் போய் எக்ஸுக்குப் பூஜ்ஜியம் போடும். தரையை ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டு எழுதினால் இந்தத் தப்பு வராது.

இனி ஒய் வெட்டுத்துண்டு. ஒய் அச்சில் இருக்கும் புள்ளி இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை. அதனால் எக்ஸ் = 0.

2 × 0 − 3 ஒய் = 12
−3 ஒய் = 12
ஒய் = −4

இந்த இடத்தில் ஒரு மாணவியின் நோட்டில் ஒய் = 4 என்று இருந்தது. கேட்டால், “12 ஐ 3 ஆல வகுத்தா 4 தானேக்கா?” என்றாள். நான் எதையும் விளக்கவில்லை. “அந்த 4 ஐத் திரும்பச் சமன்பாட்டிலேயே போட்டுப் பாரும்மா” என்றேன். 2 × 0 − 3 × 4 என்று எழுதினாள், −12 வந்தது. வலப்பக்கம் இருப்பதோ 12. பென்சிலை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் 4 க்கு முன்னால் ஒரு கழித்தல் குறியைத் தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டாள்.

அந்த ஒரு குறி விட்டுப்போனால் கோடே வேறு கோடாகிவிடும். (6, 0), (0, −4) என்ற புள்ளிகளைச் சேர்த்தால் கோடு இடமிருந்து வலமாக ஏறும். (6, 0), (0, 4) ஐச் சேர்த்தால் இறங்கும். ஏறுவது இறங்குவதாக மாறுமளவுக்குப் பெரிய தப்பு அது. அதனால் கிடைத்த எண்ணைத் திரும்பச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதை விடாமல் செய்யுங்கள். பத்து விநாடி வேலைதான்.

வெட்டுத்துண்டு இரண்டும் கிடைத்துவிட்டால் படம் வரையத் தேவையானது எல்லாம் கையில் இருக்கிறது. இரண்டு புள்ளியையும் குறித்து, ஸ்கேல் வைத்து ஒரு கோடு. மூன்றாவதாக ஒரு புள்ளியையும் கண்டுபிடித்துக்கொள்ளச் சொல்வேன். இதே சமன்பாட்டில் எக்ஸ் = 3 என்று போட்டால் ஒய் = −2 வரும். (3, −2) கோட்டின் மேல் உட்கார்ந்தால் சரி. உட்காரவில்லை என்றால் மூன்றில் ஏதோ ஒன்று தப்பு.

சாய்வு என்றால் என்ன

வலப்பக்கம் எவ்வளவு போனால் எவ்வளவு ஏறுகிறோம் என்பதுதான் சாய்வு. ஏறியதை, போனதால் வகுக்க வேண்டும். சக்கர நாற்காலிக்காகப் பொதுக் கட்டடங்களில் போடும் சாய்தளத்துக்கு 1:12 என்று ஒரு விதி உண்டு. 12 அடி போனால் 1 அடிக்கு மேல் ஏறக்கூடாது, அதாவது சாய்வு 1/12 ஐத் தாண்டக்கூடாது. நீலகிரி மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறுகிற பாதையின் செங்குத்தான இடங்களிலும் ஏறத்தாழ இதே சாய்வுதான். நமக்குச் சின்ன ஏற்றமாகத் தெரிவது ரயிலுக்குப் பெரிய ஏற்றம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்காமல் இருக்க அங்கே நடுவில் பல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள்.

சாய்வு கூட்டல் எண்ணாக இருந்தால் கோடு இடமிருந்து வலமாக ஏறும், கழித்தல் எண்ணாக இருந்தால் இறங்கும். தமிழ் வரியை வாசிப்பதுபோல எப்போதும் இடமிருந்து வலமாகவே பாருங்கள். வலமிருந்து பார்த்தால் ஏற்றம் இறக்கமாகத் தெரியும்.

சமன்பாட்டிலிருந்து சாய்வை எடுக்க, ஒய்யைத் தனியே நிறுத்த வேண்டும்:

5 எக்ஸ் + 2 ஒய் − 10 = 0

ஒய் உள்ள உறுப்பை இடப்பக்கமே விட்டுவிட்டு மற்றதை எல்லாம் வலப்பக்கம் அனுப்புங்கள். போகும்போது குறி மாறும்.

2 ஒய் = −5 எக்ஸ் + 10

இப்போது எல்லாவற்றையும் 2 ஆல் வகுக்க வேண்டும். “எல்லாவற்றையும்” என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். −5 ஐ மட்டும் வகுத்துவிட்டு 10 ஐ அப்படியே விட்டுவிடுகிற நோட்டுகளை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

ஒய் = −(5/2) எக்ஸ் + 5

இப்படி ஒய் தனியாக நிற்கும்போது எக்ஸுக்கு முன்னால் இருக்கும் எண் சாய்வு, தனியாக இருக்கும் எண் ஒய் வெட்டுத்துண்டு. சாய்வு −5/2, ஒய் வெட்டுத்துண்டு 5. வகுப்பில் “ஒய் ஈக்வல் டு எம்எக்ஸ் பிளஸ் சி” என்று சொல்லிக் கொடுத்தார்களே, அது இதுதான். எம் என்பது சாய்வு, சி என்பது ஒய் வெட்டுத்துண்டு.

ஏன் அப்படி? எக்ஸுக்குப் பூஜ்ஜியம் போட்டுப் பாருங்கள், முதல் உறுப்பு காணாமல் போய் 5 மட்டும் நிற்கும். கோடு ஒய் அச்சில் நிற்கும் இடம் அது. அப்புறம் எக்ஸை ஒன்று கூட்டிப் பாருங்கள், ஒய் 5/2 குறையும். மறுபடி ஒன்று கூட்டினால் மறுபடி அதே 5/2. ஒவ்வொரு அடிக்கும் ஒரே அளவு மாறுவதால்தான் அது நேர்க்கோடு. கேஸ் சிலிண்டரில் நாளுக்கு 0.4 கிலோ குறைந்ததே, அதே கதைதான்.

ஒய்யைத் தனியாக நிறுத்தாமலும் சாய்வைச் சொல்லலாம். இரண்டு மாறிகளும் ஒரே பக்கத்தில் இருக்கும்போது, எக்ஸின் கெழுவை (அதற்கு முன்னால் இருக்கும் எண்ணை) ஒய்யின் கெழுவால் வகுத்து முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் போதும். மேலே உள்ளதில் −5/2. முதல் கணக்கில் 2 எக்ஸ் − 3 ஒய் = 12 என்பதற்கு −(2/−3), அதாவது 2/3. கீழே உள்ள 3 க்குக் கழித்தல் குறி இருப்பதை மறந்து −2/3 என்று எழுதுபவர்கள் நிறைய. அதனால் புதியவர்களுக்கு நான் இந்தக் குறுக்கு வழியை முதலில் சொல்வதில்லை. நாலைந்து கணக்கில் ஒய்யைத் தனியாக நிறுத்திப் பழகிய பிறகுதான் சொல்வேன்.

நான் விரும்பிச் சொல்லித் தருகிற சரிபார்ப்பு ஒன்று உண்டு. ஒய் வெட்டுத்துண்டை எக்ஸ் வெட்டுத்துண்டால் வகுத்து, குறியை மாற்றுங்கள். சாய்வு வர வேண்டும். 2 எக்ஸ் − 3 ஒய் = 12 இல் ஒய் வெட்டு −4, எக்ஸ் வெட்டு 6. −4/6 ஐக் குறி மாற்றினால் 4/6, சுருக்கினால் 2/3. சரியாக வந்துவிட்டது. 5 எக்ஸ் + 2 ஒய் − 10 = 0 இல் எக்ஸ் வெட்டு 2, ஒய் வெட்டு 5, ஆக −5/2. தேர்வு அறையில் பக்கத்தில் யாரையும் கேட்க முடியாதபோது இந்த ஒரு வரி பெரிய துணை.

இரண்டு புள்ளி மட்டும் கொடுத்தால்

(1, 2), (4, 11) வழியாகப் போகும் கோடு என்று கேட்டால், ஒய் எவ்வளவு மாறியது என்று முதலில் பாருங்கள்: 11 − 2 = 9. எக்ஸ் எவ்வளவு மாறியது: 4 − 1 = 3. சாய்வு 9/3 = 3. எந்தப் புள்ளியை முதலில் எடுத்தாலும் சரி, ஆனால் மேலேயும் கீழேயும் ஒரே வரிசை வேண்டும். மேலே இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டு, கீழே முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் குறி புரண்டுவிடும்.

சாய்வு 3 என்றால் ஒய் = 3 எக்ஸ் + சி. சி யைக் கண்டுபிடிக்க (1, 2) ஐப் போடுங்கள்: 2 = 3 + சி, எனவே சி = −1. ஒய் = 3 எக்ஸ் − 1. மற்றப் புள்ளியை வைத்துச் சோதித்தால் 3 × 4 − 1 = 11, சரி. எக்ஸ் வெட்டுத்துண்டு 1/3.

சென்னை ஆட்டோ மீட்டரில் ஒரு கோடு

இதை நான் எல்லா வகுப்பிலும் செய்வேன், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். 2013 ஆகஸ்ட்டில் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் இது: முதல் 1.8 கிலோமீட்டருக்குக் குறைந்தபட்சம் 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். இரவு நேரத்தில் ஒன்றரை மடங்கு. இதன் சாய்வும் வெட்டுத்துண்டும் என்ன?

“சாய்வு 12, ஒய் வெட்டு 25” என்று உடனே பதில் வரும். சாய்வு சரி. வெட்டுத்துண்டு தப்பு. எழுதிப் பார்ப்போம். 1.8 கிலோமீட்டருக்கு மேல் போனால்:

கட்டணம் = 25 + 12 × (தூரம் − 1.8)

அடைப்பைப் பிரித்தால் 12 × 1.8 = 21.6. 25 இலிருந்து அதைக் கழித்தால் 3.4.

கட்டணம் = 12 × தூரம் + 3.4

ஒய் வெட்டுத்துண்டு 3.4 தான். 5 கிலோமீட்டருக்கு 60 + 3.4, அதாவது 63 ரூபாய் 40 காசு. 25 என்று வைத்திருந்தால் 85 ரூபாய் வந்திருக்கும், 21 ரூபாய் 60 காசு அதிகம்.

அப்படியானால் 3 ரூபாய் 40 காசுக்கு யாராவது ஆட்டோ ஓட்டுவார்களா? மாட்டார்கள். இந்தக் கோடு உண்மையில் தொடங்குவதே (1.8, 25) என்ற புள்ளியில்தான். அதற்கு முன்னால் 25 ரூபாய் உயரத்தில் படுத்த கோடாக இருக்கிறது. ஏறுகிற கோட்டை ஸ்கேல் வைத்துப் பின்னால் நீட்டினால் ஒய் அச்சில் 3.4 இல் போய் இடிக்கும், இன்னும் நீட்டினால் எக்ஸ் அச்சில் ஏறத்தாழ −0.28 இல் இடிக்கும். கழித்தல் தூரத்துக்கு யாரும் ஆட்டோ பிடிப்பதில்லை. கணக்கில் வெட்டுத்துண்டு கிடைத்துவிட்டது என்பதற்காக வாழ்க்கையில் அதற்கு ஒரு பொருள் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கோடு எங்கிருந்து எங்கே வரை செல்லும் என்று பார்த்துவிட்டுத்தான் பொருள் சொல்ல வேண்டும்.

இரவுக் கட்டணத்தையும் பாருங்கள். எல்லாமே ஒன்றரை மடங்கு என்பதால் 18 × தூரம் + 5.1 ஆகிறது. சாய்வும் கூடியது, ஒய் வெட்டும் கூடியது. எக்ஸ் வெட்டு மட்டும் அதே −0.28. ஒரு கோட்டின் எல்லா உயரத்தையும் ஒரே எண்ணால் பெருக்கினால், தரையைத் தொடும் இடம் நகராது. பூஜ்ஜியத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தானே.

கொஞ்சம் முரண்டு பிடிக்கும் கோடுகள்

ஒய் = 5. இதில் எக்ஸே இல்லை. எக்ஸ் என்னவாக இருந்தாலும் உயரம் 5 தான், படுத்த கோடு. சாய்வு 0, ஒய் வெட்டு 5. தரையை ஒருபோதும் தொடாததால் எக்ஸ் வெட்டு கிடையாது.

எக்ஸ் = 4. இது நிமிர்ந்த கோடு. எக்ஸ் வெட்டு 4, ஒய் வெட்டு கிடையாது. சாய்வு? வலப்பக்கம் போன தூரம் பூஜ்ஜியம், பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது. எனவே சாய்வு வரையறுக்கப்படவில்லை என்றுதான் எழுத வேண்டும். 0 என்று எழுதினால் அது படுத்த கோட்டின் விடை, மதிப்பெண் போய்விடும்.

ஒய் = 2 எக்ஸ். எக்ஸுக்குப் பூஜ்ஜியம் போட்டாலும் ஒய்க்குப் பூஜ்ஜியம் போட்டாலும் (0, 0) என்ற ஆதிப்புள்ளியே கிடைக்கும். இரண்டு வெட்டும் 0. ஒரு புள்ளியை வைத்துக் கோடு வரைய முடியாது என்பதால் எக்ஸ் = 1, ஒய் = 2 என்று இன்னொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் சொன்ன சரிபார்ப்பும் இங்கே வேலை செய்யாது.

எக்ஸ்/3 − ஒய்/4 = 1 என்ற வடிவத்தில் வந்தால் பின்னத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலப்பக்கம் 1 இருக்கும்போது கீழே உள்ள எண்களே வெட்டுத்துண்டுகள்: எக்ஸ் வெட்டு 3, ஒய் வெட்டு −4. நடுவில் உள்ள கழித்தல் குறி 4 உடன் சேர்ந்தது. சாய்வு 4/3.

வரைபடத்தாளிலிருந்து படிக்கும்போது

படத்தைக் கொடுத்துச் சாய்வு கேட்டால் கட்டம் எண்ணத் தோன்றும். எண்ணலாம், ஆனால் அதற்கு முன் மூலையில் எழுதியிருக்கும் அளவுத்திட்டத்தைப் பாருங்கள். ஒரு பேருந்தின் பயணப் படத்தில் எக்ஸ் அச்சில் 1 செ.மீ = 1 மணி, ஒய் அச்சில் 1 செ.மீ = 50 கி.மீ என்று இருக்கிறது. கோடு 1 செ.மீ போக 1 செ.மீ ஏறுகிறது. கட்டத்தை மட்டும் எண்ணினால் சாய்வு 1. உண்மையில் 1 மணிக்கு 50 கி.மீ, சாய்வு 50. சாய்வுக்கு அலகும் உண்டு, அதையும் சேர்த்தே எழுதுங்கள்: மணிக்கு கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ரூபாய், நாளுக்கு கிலோ. அலகை எழுதும் பழக்கம் வந்தவர்கள் இந்தத் தப்பைச் செய்து நான் பார்த்ததில்லை.

புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும்போது கோடு கட்டத்தின் மூலையில் சரியாகப் போகும் இடங்களையே எடுங்கள், அதுவும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும் இரண்டை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை எடுத்தால் பென்சில் முனையின் தடிமனே விடையை மாற்றிவிடும்.

நீங்களே செய்து பார்க்க

விடையைக் கையால் மூடிக்கொண்டு இந்த மூன்றையும் போடுங்கள்.

3 எக்ஸ் + 4 ஒய் = 24: எக்ஸ் வெட்டு 8, ஒய் வெட்டு 6, சாய்வு −3/4.

எக்ஸ் − 2 ஒய் + 6 = 0: எக்ஸ் வெட்டு −6, ஒய் வெட்டு 3, சாய்வு 1/2. இதில் குறி மாறி வந்தால், மாறிலியை (தனியாக இருக்கும் எண்ணை) வலப்பக்கம் அனுப்பிய இடத்தைத் திரும்பப் பாருங்கள்.

மூன்றாவது, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். பாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32. செல்சியஸை எக்ஸ் அச்சிலும் பாரன்ஹீட்டை ஒய் அச்சிலும் வையுங்கள். சாய்வு 1.8: செல்சியஸ் ஒரு டிகிரி ஏறினால் பாரன்ஹீட் 1.8 டிகிரி ஏறும். ஒய் வெட்டு 32, அதாவது தண்ணீர் உறையும் இடம். எக்ஸ் வெட்டு −32/1.8, ஏறத்தாழ −17.8, பாரன்ஹீட்டில் பூஜ்ஜியம் காட்டும் குளிர். கோடு சரியா என்று பார்க்க 37 ஐப் போடுங்கள். 66.6 + 32 = 98.6 வரும்.